பிழிந்த சாறும் பிரிந்த நாரும்

நோயுற்றவரைக் காணச் செல்வோர் பழம் வாங்கிச் செல்வது நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உள்ள வழக்கமாகும். அப்பழம் நோயாளிக்கு உணவாகும்போது பெரும்பாலும் சாறாகவே உணவாகிறது. வடக்கே மொசம்பி என வழங்கும் சாத்துக்குடியைப் பிழிந்து, சக்கையைக் கூடையில் எறிந்து, வடிகட்டிய சாற்றைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தரும் கடைகள் மருத்துவமனை வாயில்களில் தவறாமல் காணப்படுகின்றன. பழத்தின் சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது, எஞ்சியது வெறும் சக்கை என்பதே வாங்குவோர், விற்போர் ஆகிய இரு சாராரின் நம்பிக்கை. எறியப்படும் அச்சக்கையைப் பற்றியதே இவ்வுரை.

இப்பொருள் இன்று கவனத்துக்கு வரக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடெங்கும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி 10 கோடியே 10 லட்சம் இந்தியர் நீரிழிவு உடையோர் என்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாயிற்படியில் நிற்கின்றனர் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. இத்தனை பெருந்தொகையினர் நாள்தோறும் என்ன உண்கின்றனர், என்ன பருகுகின்றனர் என்பது மருத்துவரின் கவலை மட்டுமன்று. நாட்டின் வளர்ச்சியைப் பற்றிய கவலையும் ஆகும். சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களை விலக்கும் குடும்பத்தினர் பழச்சாற்றை மட்டும் தயக்கமின்றி ஏற்கின்றனர். அதில் சிறிதளவு பழ நாரைக் கலந்துவிட்டால் நீரிழிவு உடையோரும் அஞ்சாமல் பருகலாம் என்னும் பேச்சும் இப்போது எழுந்துள்ளது. அப்பேச்சில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரித்தறிதல் வேண்டும்.

சாற்றில் இருப்பதும் இல்லாததும்

நூறு கிராம் ஆரஞ்சுச் சுளையில் ஏறத்தாழ 9 கிராம் சர்க்கரையும், 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நார்ச்சத்தும் உள்ளன. அதே அளவு வடிகட்டிய சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. நார்ச்சத்தோ கால் கிராம்கூடத் தேறாது. 250 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவளைச் சாற்றுக்கு மூன்று அல்லது நான்கு பழங்கள் வேண்டும். நான்கு பழங்களை உரித்துச் சுளை சுளையாக ஒரே அமர்வில் உண்போர் அரியர். சாற்றையோ ஒரு நிமிடத்தில் பருகிவிட்டு, இன்னொரு குவளை கேட்போரும் உண்டு. கடைக்காரர் தாமே சேர்க்கும் சர்க்கரை இக்கணக்கில் சேரவில்லை.

நார்ச்சத்து என்பது ஒரே பொருளன்று. தாவர உயிரணுக்களின் சுவர்களை ஆக்கும் பல பொருள்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றுள் செல்லுலோஸ் போன்றவை நீரில் கரையாதவை; பெக்டின் போன்றவை நீரில் கரைந்து கொழகொழப்பாக மாறுபவை. ஜாம் உறைவது இந்தப் பெக்டினால்தான். மனிதனின் குடலில் சுரக்கும் நீர்கள் இவ்விரு வகையையும் செரிக்கவல்லன அல்ல. ஆதலால் நெடுங்காலம் உணவியலார் நார்ச்சத்தைப் பயனற்ற எச்சமாகவே கருதினர். உணவுப் பட்டியல்களில் அதற்குத் தரப்பட்ட இடமும் மிகச் சிறிதே.

சாறு இரைப்பையில் தங்குவதில்லை. விரைவாகச் சிறுகுடலை அடைகிறது. அங்கே சுக்ரோஸ் பிளந்து குளுக்கோசும் பிரக்டோசும் ஆகிறது. குளுக்கோஸ் உடனே இரத்தத்தில் கலக்கிறது. கணையம் அதற்கேற்ப இன்சுலினைச் சுரக்கிறது. நலமுள்ளவரிடம் இவ்வேற்றம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கணையம் தளர்ந்தவரிடமும், இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காதவரிடமும் அது அடங்குவதில்லை.

ஆப்பிளைக் கொண்டு செய்த சோதனை

நார் நீங்கினால் என்ன நேரும் என்பதை நேரடியாகச் சோதித்தவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த ஹீட்டன் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஆவர். 1977ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான அவர்களது சோதனை எளிமையானது, இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. நலமுள்ள பத்துப் பேருக்கு ஆப்பிள் மூன்று வடிவங்களில் தரப்பட்டது. ஒரு முறை முழுப் பழமாகவும், ஒரு முறை அரைத்த கூழாகவும், ஒரு முறை நார் நீக்கிய சாறாகவும் அவர்கள் அதனை உட்கொண்டனர். மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு 60 கிராம். அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ பழம்.

முழுப் பழத்தை உண்ண ஆகும் நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கே சாற்றுக்குத் தேவைப்பட்டது. கூழுடன் ஒப்பிட்டாலும் சாறு நான்கு மடங்கு விரைவாக உள்ளே சென்றது. பின்னர் மூன்றையும் ஒரே வேகத்தில் உட்கொள்ளுமாறு செய்து பார்த்தபோதும், வயிறு நிறைந்த உணர்வு பழத்தில் மிகுதியாகவும், கூழில் அதனினும் குறைவாகவும், சாற்றில் மிகக் குறைவாகவும் இருந்தது. இதுவரை எதிர்பார்த்ததே. இரத்தச் சர்க்கரையில் கண்டதுதான் புதுமை. மூன்று வடிவங்களிலும் சர்க்கரை ஏறிய உயரம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு இறக்கத்தில் இருந்தது. சாறு பருகிய பின் இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து, இரத்தச் சர்க்கரை தொடக்க நிலைக்கும் கீழே சரிந்தது. கூழுக்குப் பின் அச்சரிவு சற்றுக் குறைவு. முழுப் பழத்துக்குப் பின் சரிவே இல்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. நலமுள்ளவரிடம் இரத்தச் சர்க்கரையின் உச்சத்தை மட்டும் அளந்தால் சாற்றுக்கும் பழத்துக்கும் வேற்றுமை இல்லையென்றே தோன்றும். அந்த உச்சத்தை அடக்கக் கணையம் பட்ட பாட்டை இன்சுலின் அளவுதான் காட்டிக்கொடுத்தது. மற்றொன்று, கூழில் பழத்தின் நார் முழுவதும் இருந்தது; ஆயினும் அது பழத்துக்கு ஈடாகவில்லை. நார் இருந்தால் போதாது, அது பழத்தினுள் இருந்தவாறே இருத்தல் வேண்டும் என்பதற்கு இது முதற் சான்று.

1981ஆம் ஆண்டில் அதே குழுவினர் ஆரஞ்சையும் திராட்சையையும் கொண்டு சோதனையைத் தொடர்ந்தனர். ஆரஞ்சில் ஆப்பிளைப் போன்ற முடிவே கிடைத்தது. திராட்சையில் நேர்மாறாக, முழுப் பழத்துக்குச் சாற்றைக் காட்டிலும் மிகுதியான இன்சுலின் சுரந்தது. எல்லாப் பழங்களும் ஒரே விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை இத்துறையில் துணிந்து பேசுவோர் நினைவில் கொள்ளல் நன்று.

கொத்தவரை தந்த பாடம்

நாரைத் தனியே பிரித்தெடுத்துச் சர்க்கரைப் பானத்தில் கலந்தால் என்ன ஆகும் என்ற வினாவுக்கு விடை கண்டவர் டேவிட் ஜென்கின்ஸ். உணவுகளை அவை இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் திறத்தால் வரிசைப்படுத்தும் முறையைப் பின்னர் 1981இல் தம் குழுவினருடன் வெளியிட்டவரும் இவரே. 1978இல் இவரும் தோழர்களும் குளுக்கோஸ் கரைசலில் பலவகை நார்களைத் தனித்தனியே கலந்து கொடுத்து ஒப்பிட்டனர். எந்த நார் கரைசலை மிகவும் கொழகொழப்பாக்கியதோ அதுவே இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தை மிகவும் தணித்தது. முதலிடம் பெற்றது குவார் பிசின். அதே பிசினை வேதியியல் முறையில் சிதைத்து, கொழகொழப்பு இல்லாதவாறு செய்து கொடுத்தபோது அதன் பயன் மறைந்துபோயிற்று.

குவார் என்பது வேறொன்றுமன்று. நம் சமையலறைக் கொத்தவரையே. அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் இப்பிசினில் உலகத் தேவையின் பெரும்பகுதியை இந்தியாவே அளிக்கிறது. ராஜஸ்தானத்தின் வறண்ட மாவட்டங்களில் மழையை நம்பிப் பயிராகும் இவ்விதையின் பிசின், அயல்நாட்டு எண்ணெய்க் கிணறுகளில் இறைக்கப்படும் நீரைக் கெட்டியாக்கப் பேரளவில் ஏற்றுமதியாகிறது. மருந்துக்கும் கிணற்றுக்கும் பயன்படும் குணம் ஒன்றே. குஜராத்தில் விளையும் இசப்கோல் உமியும் இவ்வகைக் கொழகொழப்பு உடையதே.

இக்கொழகொழப்பு செய்யும் வேலையை விளக்குவது கடினமன்று. இரைப்பை தன் உள்ளடக்கத்தை மெல்ல வெளிவிடுகிறது. குடலில் பாகு போன்ற பொருளினூடே சர்க்கரை குடற்சுவரை அடைவது தாமதமாகிறது. உள்ளே செல்லும் மொத்தச் சர்க்கரை குறைவதில்லை; ஒரே வெள்ளமாகப் பாய்வது மாறி, ஓடையாக ஓடுகிறது. எஞ்சிய நார் பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. இவ்வகை நாருக்கு மருந்துகளும் மெல்லவே உடலில் சேருமாறு செய்யும் இயல்பு உண்டு; மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேட்டே அதனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கையைத் திருப்பிச் சேர்த்தால்

இனி மூல வினாவுக்கு வரலாம். பிழிந்த சாற்றில் அதே பழத்தின் சக்கையை நுண்ணிதாக அரைத்துச் சேர்த்தால் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் குறையுமா? குறையும் என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. இதய நோய், நீரிழிவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு மிகுந்த ஆண்களுக்கு வெறும் ஆரஞ்சுச் சாறும், ஆரஞ்சுச் சக்கை சேர்த்த சாறும் உணவு வேளைகளில் வெவ்வேறு நாள்களில் தரப்பட்டன. சக்கை சேர்த்த சாற்றுக்குப் பின் குளுக்கோஸ், இன்சுலின் இரண்டின் உச்சமும் தணிந்திருந்தது. 2022இல் அமெரிக்காவில் இளம் மாணவர்களைக் கொண்டு செய்த மற்றொரு சோதனை மேலும் வியப்பூட்டியது. ஆப்பிளையும் கருநாவல் போன்ற ஒரு பெர்ரிப் பழத்தையும் முழுமையாக உண்டபோது ஏறியதைவிட, அவற்றை விதையோடு மின்கலவையில் அரைத்துப் பருகியபோது சர்க்கரை குறைவாகவே ஏறிற்று. முழுப் பழத்தில் உடையாமல் வெளியேறும் நுண்விதைகள் அரைபடும்போது, அவற்றின் நாரும் பிற சத்துகளும் வெளிப்படுவதே காரணம் என ஆய்வாளர் கருதினர். பிரிஸ்டல் கூழின் கதைக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆப்பிள் விதை உண்ணும் பகுதியன்று; பெர்ரியின் விதையோ பழத்தோடு சேர்ந்தே உள்ளே செல்வது. எதை அரைக்கிறோம் என்பதைப் பொறுத்தே விளைவும் அமைகிறது.

எனினும் சோதனைக் கூடத்தில் கண்டதைக் கடைத் தட்டில் உள்ள அட்டைப்பெட்டிக்கு ஏற்றிப் பேசுவதில் பெரும் இடர் உண்டு. அந்த இடர் அளவில் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வகுத்த விதியின்படி, உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறுவதைக் குறைக்கப் பெக்டின் உதவும் என்று ஒரு பொருளின் மேல் எழுத வேண்டுமானால், ஒரு வேளைப் பங்கில் குறைந்தது 10 கிராம் பெக்டின் இருத்தல் வேண்டும். நிறைய நீருடன் விழுங்க வேண்டும், இல்லையேல் தொண்டையில் அடைக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையும் உடன் வேண்டும். ஒரு குவளைச் சாற்றில் 10 கிராம் என்றால் நூற்றுக்கு நான்கு பங்கு. ஜாம் உறைவதற்கே நூற்றுக்கு ஒரு பங்கு பெக்டின் போதுமானது. சாற்றில் சர்க்கரை குறைவாதலால் அது ஜாம் போல உறையாது. ஆனால் குடிக்கும் பொருளாகவும் இராது. கரண்டியால் உண்ண வேண்டிய பாகு ஆகிவிடும். குடிக்க இனிமையாக இருக்கும் அளவு நார் போதுமான பயன் தருவதில்லை. போதுமான பயன் தரும் அளவு நாரைக் குடிக்க இயலுவதில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வெளியிட்ட விதிகளை இதனுடன் ஒப்பிடுதல் வேண்டும். ஒரு பொருளை நார்ச்சத்து உள்ளது என விளம்பரம் செய்ய, 100 கிலோ கலோரிக்கு ஒன்றரைக் கிராம் நார் இருந்தாலே போதும். ஒரு குவளை ஆரஞ்சுச் சாறு ஏறத்தாழ 110 கிலோ கலோரி தருவது. ஆகவே ஒன்றே முக்கால் கிராம் நாரைச் சேர்த்தவர் அச்சொல்லைப் பெட்டியின் மேல் சட்டப்படியே அச்சிடலாம். அதில் பொய் ஏதும் இல்லை. நார் உள்ளது என்பதைச் சர்க்கரை ஏறாது என்று வாங்குவோர் படித்துக்கொள்கின்றனர். ஒன்றே முக்கால் கிராமுக்கும் பத்துக் கிராமுக்கும் இடையே உள்ள தொலைவு பெட்டியின் மேல் எழுதப்படுவதில்லை. சேர்க்கப்படும் நார் கரையும் வகையா கரையாத வகையா என்பதையும் அவ்வொரு சொல் சொல்வதில்லை. கரையாத நாரின் நன்மை மலச்சிக்கலைத் தீர்ப்பது. சாறு பருகிய அடுத்த அரை மணி நேரத்தில் ஏறும் சர்க்கரையின் மேல் அதன் ஆட்சி மிகக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. பழச் சர்க்கரையில் கணிசமான பகுதி பிரக்டோஸ். ஆப்பிளில் பாதிக்கும் மேல். பிரக்டோஸ் நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி அதனைக் காட்டாது. அளவு மிகுந்தால் கல்லீரல் அதனைக் கொழுப்பாக மாற்றுகிறது. கருவி நல்ல எண்ணைக் காட்டியது என்பதாலேயே நார் கலந்த சாற்றை நாள்தோறும் இரண்டு வேளை பருகலாம் என்று முடிவு செய்வது பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட நெறிமுறையில், பழச்சாற்றிலுள்ள சர்க்கரையைக் கரண்டியால் போடும் சர்க்கரையோடு ஒரே பட்டியலில் வைத்தது. முழுப் பழத்திலுள்ளதை அப்பட்டியலில் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் 1,87,000 பேருக்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வும் அதே திசையைக் காட்டியது. ஆப்பிள், திராட்சை போன்ற முழுப் பழங்களை மிகுதியாக உண்டவரிடையே நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு மிகுதியாகப் பருகியவரிடையே சற்று அதிகமாகவும் காணப்பட்டது. இத்தகைய ஆய்வு காரண காரியத்தை ஐயமின்றி நிறுவாது. எனினும் பிரிஸ்டல் சோதனையோடு அது முரண்படவும் இல்லை.

சக்கைக்கு உரிய இடம்

அவ்வாறாயின் ஆலைகளில் மலையாகக் குவியும் சக்கை என்ன ஆவது? இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் ஆலைகளில் பழத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு சக்கையாக எஞ்சுகிறது. சித்தூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களின் மாம்பழக் கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையுமாகக் கழிவது பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஈரம் மிகுந்த இச்சக்கை சில நாள்களில் புளித்து நாறும். கொட்டும் இடத்தின் மண்ணையும் நீரையும் கெடுக்கும். உலர்த்துவதற்கு ஆகும் எரிபொருட் செலவே இதன் முதற் தடை. அத்தடையைக் கடந்தால் பெக்டின் எடுக்க ஆப்பிள் சக்கையும் எலுமிச்சை இனப் பழத்தோல்களுமே உலகெங்கும் மூலப்பொருளாக உள்ளன.

உலர்த்தி அரைத்த சக்கையைக் கோதுமை மாவில் சேர்த்து ரொட்டியும் பிஸ்கட்டும் செய்யலாம் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவு மீறினால் ரொட்டி கெட்டிப்படும், நிறம் கறுக்கும். சாற்றைக் காட்டிலும் மாவே இந்நாருக்குத் தகுந்த இடம் என்று கருத இடமுண்டு. சப்பாத்தியைக் குடிக்க வேண்டியதில்லை. மென்றுதான் உண்ண வேண்டும். அதைவிட முக்கியமாக, சாறு வாங்க வசதியில்லாத வீட்டிலும் மாவு நாள்தோறும் பிசையப்படுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2,000 கிலோ கலோரி உணவுக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. தீட்டிய அரிசியையும் மைதாவையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு இது எட்டாத இலக்கு. அந்த நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாளொன்றுக்கு 100 கிராம் பழம் சொல்லப்பட்டுள்ளது; ஒரு கொய்யாவோ ஒரு சாத்துக்குடியோ அதற்குப் போதும். கொய்யா விலை மலிந்தது. நாரில் ஆப்பிளைக் காட்டிலும் இரு மடங்குக்குக் குறையாதது.

பெட்டிகளின் மேல் எழுதும் வாசகத்தில் சிறிது ஒழுங்கு வந்துள்ளது. அடர்சாற்றில் நீர் கலந்து தயாரித்தவற்றை 100 சதவீதப் பழச்சாறு என்று அழைக்கலாகாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் ஆணையிட்டது. கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்த சாற்றை இனிப்பூட்டிய சாறு என்றே குறிக்க வேண்டும் என்றும் அது நினைவூட்டியது. நார் சேர்த்த சாற்றுக்கும் இத்தகைய தெளிவு வேண்டும். சேர்த்த நார் எத்தனை கிராம், எவ்வகை, ஒரு குவளையில் மொத்தச் சர்க்கரை எத்தனை தேக்கரண்டி என்று முகப்பிலேயே எழுதச் செய்வது அரசுக்குப் பெருஞ்செலவு வைக்கும் காரியமன்று.

நார் நீங்கிய சாற்றுக்கே உரிய வேளையும் ஒன்று உண்டு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கும், சிலவகை மாத்திரை உண்போருக்கும் சில சமயம் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறும். அப்போது 15 கிராம் சர்க்கரை உடனே உடலில் சேர வேண்டும். விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு அரைக் குவளை வடிகட்டிய பழச்சாறு அதனைத் தரும். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதித்து, ஏறாவிடில் மறுபடியும் தருவர். அங்கே விரைவே மருந்து. நார் சேர்த்த சாற்றை அவ்வேளையில் கொடுத்தால் தாமதமாகும். வீட்டில் நீரிழிவு உடையோருக்கென நார் கலந்த சாற்றை மட்டுமே வாங்கி வைப்போர், ஒரு பொட்டலம் குளுக்கோசையோ சாதாரணச் சர்க்கரையையோ கைக்கெட்டும் இடத்தில் தனியே வைத்திருத்தல் வேண்டும்; அது இருக்கும் இடம் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.